ஃபிராங்க் லாம்பார்ட்: நடுக்களத்திலிருந்து கோல் அடித்தவர், பிறகு மேனேஜர் ஆனவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த லாம்பார்ட்? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

இங்கிலாந்துக் கால்பந்து வீரர். 1978 ஜூன் 20 அன்று லண்டனின் கிழக்கு ஓரத்திலுள்ள ரோம்ஃபோர்டில் பிறந்தவர். வெஸ்ட் ஹாமில் தொடங்கி, செல்சியில் 13 ஆண்டு ஆடி, மான்செஸ்டர் சிட்டி, நியூயார்க் சிட்டி வழியாக 2017 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். செல்சிக்காக 648 ஆட்டங்களில் 211 கோல். அந்தக் கிளப்பின் வரலாற்றில் அவ்வளவு கோல் அடித்தவர் வேறு யாரும் இல்லை. அவர் கோல் அடிப்பதற்கென்றே முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர் அல்ல, நடுக்கள வீரர் என்பதுதான் இதில் விசேஷம்.

2018 முதல் மேனேஜர். டெர்பி கவுன்ட்டி, செல்சி, எவர்ட்டன், மறுபடியும் சில வாரம் செல்சி, 2024 நவம்பரில் கோவென்ட்ரி சிட்டி. இங்கிலாந்துக் கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளரை மேனேஜர் என்றே சொல்கிறார்கள், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

நடுக்களத்தில் ஆடியவர் இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் மட்டும் 177 கோல் அடித்தது எப்படி?

இதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிய பாதி விஷயம் இதில் இருக்கிறது.

ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்கிறார் என்று எதிரணி டிஃபெண்டர்களுக்கு எப்போதும் தெரியும். அவரை விட்டு நகர மாட்டார்கள். செல்சியில் அந்த வேலைக்கு ட்ரோக்பா இருந்தார். அவர் இரண்டு பேரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கோலை நோக்கி ஓடுவார். பந்து ஓரத்துக்குப் போகும். டிஃபெண்டர்கள் எல்லாரும் தங்கள் கோலைப் பார்த்தபடி பின்னால் இறங்குவார்கள். அப்போது பெனால்ட்டி புள்ளிக்கும் பாக்ஸ் (கோலுக்கு முன்னாலுள்ள பெனால்ட்டி பகுதி) கோட்டுக்கும் நடுவில் ஒரு காலி இடம் திறக்கும். ஒரு நொடி, ஒன்றரை நொடி, அவ்வளவுதான். லாம்பார்ட் அதுவரை பின்னால் சும்மா நடந்து வருவது போலத் தெரிவார். அந்த நொடியில் அங்கே இருப்பார்.

முந்திப் போனால் ஒருவர் பிடித்துக்கொள்வார். பிந்தினால் பந்து போய்விடும். அவருடைய திறமை காலில் இருந்ததைவிட இந்த நேரக் கணக்கில் இருந்தது என்பது என் கருத்து. வேகத்தில் அவரைவிட வேகமானவர்கள் ஏராளம். பந்தைக் காலில் ஒட்டவைத்து ஆளைத் தாண்டுவதில் பத்துப் பேர் அவருக்கு மேலே. ஆனால் இன்னும் இரண்டு விநாடியில் பந்து எங்கே வந்து விழும் என்று ஊகிப்பதில் அவரை மிஞ்ச ஆள் குறைவு.

அடுத்தது ஷாட். இரண்டு காலாலும் அடிப்பார். பந்தை நிறுத்தி, சரிபார்த்து, பிறகு அடிப்பது அவர் வழக்கம் இல்லை. வந்த பந்தை வந்த வேகத்திலேயே திருப்பி விடுவார். பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போன பிறகும் பந்து மூட்டையோடு தனியாக நின்று அடித்துக்கொண்டிருப்பார் என்பது அவரோடு ஆடிய எல்லாரும் சொல்லும் கதை.

அப்புறம், ஆட்டத்தில் இருந்தால்தானே கோல் போட முடியும்? 2001 அக்டோபரிலிருந்து 2005 டிசம்பர் வரை தொடர்ச்சியாக 164 பிரீமியர் லீக் ஆட்டங்கள் ஆடினார். கோல்கீப்பர் அல்லாத ஒருவருக்கு அது சாதனை. கடைசியில் அதை முடித்துவைத்தது காயம்கூட இல்லை, உடம்பு சரியில்லாமல் போனதுதான்.

அதில் பாதி பெனால்ட்டி என்கிறார்களே?

பாதி இல்லை, கால்வாசிக்கும் குறைவு. 177-ல் பெனால்ட்டி 43. அதைக் கழித்தாலும் 134 மிஞ்சுகிறது. இதை வாழ்நாளில் தொடாத ஸ்ட்ரைக்கர்கள் எத்தனையோ பேர். பாக்ஸுக்கு வெளியிலிருந்து மட்டும் 41 கோல்.

யார் காலிலாவது பட்டுத் திரும்பித்தானே பல கோல் உள்ளே போனது? அதிர்ஷ்டம் இல்லையா?

பட்டுத் திரும்பியவை நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருஷம் நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். 2003–04 முதல் 2012–13 வரை பத்து சீசனும் தவறாமல் லீக்கில் பத்துக்குக் குறையாமல் கோல் அடித்தார். கூட்டத்துக்குள் பலமாக, தாழ்வாக அடித்தால் சில யார் முழங்காலிலாவது பட்டு கோல்கீப்பரை ஏமாற்றும். அதைத் தெரிந்துதான் அடித்தார்.

அப்பாவும் ‘அங்கிளும்’ இருந்ததால்தான் வெஸ்ட் ஹாமில் இடம் கிடைத்ததா?

அந்தக் காலத்தில் வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் கேட்ட கேள்வியும் இதுதான். அப்பா பெயரும் ஃபிராங்க் லாம்பார்ட்தான். வெஸ்ட் ஹாமுக்கு 1975-லும் 1980-லும், இங்கிலாந்தின் எல்லா நிலைக் கிளப்களும் மோதும் எஃப்.ஏ. கோப்பையை வென்று தந்த அணிகளில் டிஃபெண்டராக ஆடியவர். மகன் சீனியர் அணிக்கு வந்தபோது அவரே அங்கே துணைப் பயிற்சியாளர். மேனேஜர் ஹேரி ரெட்நாப். இங்கிலீஷில் அவர் அங்கிள் என்று முடித்துவிடுவார்கள். நம் கணக்கில் அம்மாவின் சகோதரியைக் கட்டியவர், அதாவது பெரியப்பாவோ சித்தப்பாவோ. அம்மாக்கள் இருவரும் இரட்டையர் என்பதால் எது என்று தீர்மானிப்பது கொஞ்சம் சிரமம்! லிவர்பூலுக்கு ஆடிய ஜேமி ரெட்நாப் அந்த வகையில் இவருக்கு அண்ணன்.

ஒரு ரசிகர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இந்தப் பையன் அவ்வளவு ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லையே என்று மேடையிலிருந்த ரெட்நாப்பிடமே கேட்டார். இவன் எங்கேயோ போகப்போகிறான் என்று ரெட்நாப் அடித்துச் சொன்னார். பக்கத்தில் இளம் லாம்பார்ட் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அந்த வீடியோ இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சிபாரிசு வாசல் வரை கொண்டுபோய் விட்டிருக்கலாம். ஆனால் 1995–96-ல் அவரை ஸ்வான்சீக்கு லோனில் (தற்காலிகமாக) அனுப்பி, கீழ்டிவிஷன் ஆட்டத்தின் அடி உதை என்ன என்று காட்டியதும் அதே குடும்பம்தான்.

வெஸ்ட் ஹாமிலிருந்து ஏன் கிளம்பினார்?

2001 மே மாதம் ரெட்நாப்பும் அப்பாவும் கிளப்பை விட்டு வெளியேற நேர்ந்தது. அதற்குப் பிறகு அங்கே இருக்க அவருக்கு மனமில்லை. 1.1 கோடி பவுண்டுக்குச் செல்சி வாங்கியது. அப்போது மேனேஜர் கிளாடியோ ரனியேரி. முதல் சீசனில் லீக் கோல் 5, அடுத்ததில் 6, அதற்கடுத்து 10. ஒரேயடியாக வந்துவிடவில்லை. 2003-ல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் செல்சியை வாங்கிக் காசைக் கொட்டினார், நட்சத்திரங்கள் வரிசையாக வந்தார்கள். இவருக்கு இனி இடம் இருக்குமா என்று எழுதியவர்கள் உண்டு. வந்தவர்களில் பலர் போய்விட்டார்கள், இவர் 2014 வரை இருந்தார்.

அவருடைய மிகச் சிறந்த சீசன் எது?

எண்ணிக்கை பார்த்தால் 2009–10. அன்செலாட்டி மேனேஜர், லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் ஒரே ஆண்டில். செல்சி அந்த லீக் சீசனில் 103 கோல் போட்டது, அதில் 22 இவருடையது.

என்னைக் கேட்டால் 2004–05. மேனேஜர் மொரின்யோவின் முதல் ஆண்டு. 50 ஆண்டாகச் செல்சிக்கு லீக் பட்டம் கிடையாது. 2005 ஏப்ரல் 30 அன்று போல்ட்டன் மைதானத்தில் வென்றால் பட்டம். 2-0. இரண்டுமே லாம்பார்ட். இரண்டாவது கோலில் தன் பாதியிலிருந்தே தனியாக ஓடிப்போய், கோல்கீப்பரைச் சுற்றி, கடைசி நொடியில் தள்ளினார். அந்த ஆண்டு, சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருதுக்கான வாக்கெடுப்பில் ரொனால்டினோவுக்கு அடுத்து இரண்டாவது இடம்.

ஜெரார்டும் லாம்பார்டும் சேர்ந்து ஆடினால் இங்கிலாந்து ஏன் தடுமாறியது?

ஜெரார்ட் லிவர்பூலின் நடுக்கள வீரர். இரண்டு பேரும் ஒரே காலி இடத்தைத் தேடி ஓடுகிறவர்கள். செல்சியில் லாம்பார்ட் மேலே போனால் பின்னால் மகெலெலே நிற்பார். நடுக்களத்தில் மூன்று பேர், ஒருவர் எப்போதும் காவல். இங்கிலாந்தோ பெரும்பாலும் 4-4-2 (நான்கு டிஃபெண்டர், நடுக்களத்தில் நான்கு, முன்னால் இரண்டு) ஆடியது. அந்த நால்வரில் இருவர் ஓரத்தில், நடுவில் இரண்டே பேர். ஒருவர் ஓடினால் மற்றவர் நிற்க வேண்டும். யார் நிற்பது? இருவருமே நின்று பழகாதவர்கள். இவர்களைச் சேர்த்து ஆடவைக்க அப்போதைய இங்கிலாந்து மேனேஜர் எரிக்சன் இன்னொரு நடுக்கள வீரரான ஸ்கோல்ஸை இடது ஓரத்துக்குத் தள்ளினார். ஸ்கோல்ஸ் 2004-ல் சர்வதேச ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

தவறு வீரர்கள் மேல் இல்லை. இரண்டு நல்ல பாட்டுக்காரர்களை ஒரே மைக்கில் பாடவிட்டது மேனேஜர்கள். லாம்பார்ட் இங்கிலாந்துக்கு 106 ஆட்டம், 29 கோல். ஆனால் மூன்று உலகக் கோப்பைகளில் ஒரு கோல்கூட இல்லை. கணக்கில் ஏறவில்லை என்று சொல்ல வேண்டும், காரணம் அடுத்த கேள்வியில்.

அந்த ‘எண்ணப்படாத கோல்’ என்ன கதை?

2010 ஜூன் 27, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன். உலகக் கோப்பை இரண்டாம் சுற்று, எதிரணி ஜெர்மனி. 2-0 என்று பின்தங்கி இருந்த இங்கிலாந்து ஒன்றைத் திருப்பியது. அடுத்த நிமிடமே லாம்பார்ட் பாக்ஸுக்கு வெளியிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தார். குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே துள்ளியது. கோட்டுக்கு உள்ளே நன்றாகவே விழுந்தது. மைதானத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரிந்தது, நடுவருக்கும் லைன்ஸ்மேனுக்கும் தெரியவில்லை. 2-2 ஆகியிருக்க வேண்டியது 4-1 தோல்வியாக முடிந்தது.

அன்று ஜெர்மனி இங்கிலாந்தைவிட நன்றாக ஆடியது, அதுவும் உண்மை. ஆனால் 2-2 என்றிருந்தால் இரண்டாம் பாதியில் இங்கிலாந்து எல்லாரையும் முன்னே அனுப்பி, எதிர்த்தாக்குதலில் இரண்டு வாங்கியிருக்காது. ஃபிஃபா தலைவர் பிளாட்டர் மன்னிப்புக் கேட்டார். அதுவரை தொழில்நுட்பத்துக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தவர் அவர்தான். 2012 ஜூலையில், பந்து கோட்டைத் தாண்டியதா என்று கண்டுசொல்லும் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. 2013–14 முதல் பிரீமியர் லீக்கில் நடுவரின் கைக்கடிகாரம் கோல் என்று சொல்ல ஆரம்பித்தது.

மாஸ்கோவில் தோற்றார், மியூனிக்கில் வென்றார் என்கிறார்களே?

2008 ஏப்ரல் இறுதியில் அம்மா பாட் காலமானார். சில நாளிலேயே, ஐரோப்பாவின் சிறந்த கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, லிவர்பூலுக்கு எதிராக. கூடுதல் நேரத்தில் பெனால்ட்டி. ஆட மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். பந்தை எடுத்து வைத்து அடித்தார், கறுப்புப் பட்டையைக் கழற்றி வானத்தைப் பார்த்துக் காட்டினார். மாஸ்கோ இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகச் சமன் செய்த கோலும் அவருடையதே. பெனால்ட்டி ஷூட்டவுட்டில் தன் பங்கைப் போட்டார், ஆனால் செல்சி தோற்றது.

நான்கு ஆண்டு கழித்து 2012 மே 19, சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், மியூனிக்கில் எதிரணி பேயர்னின் சொந்த மைதானம். வழக்கமான கேப்டன் டெர்ரிக்குத் தடை, எனவே கேப்டன் லாம்பார்ட். வயது 33, பழைய ஓட்டம் இல்லை. ஆனால் அந்த அரையிறுதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பார்சலோனாவுக்கு எதிராக முதல் ஆட்டத்தில் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறித்து ராமிரெஸுக்கு அனுப்பியவர், இரண்டாவது ஆட்டத்தில் பத்துப் பேரோடு தவித்தபோது அதே ராமிரெஸை கோலுக்கு முன்னால் விட்டவர் இவர்தான். இறுதியில் 88-வது நிமிடம் ட்ரோக்பா தலையால் சமன் செய்தார். பேயர்னின் ராபன் அடித்த பெனால்ட்டியை செல்சி கோல்கீப்பர் செக் பிடித்தார். ஷூட்டவுட்டில் 4-3. இவருடையது உள்ளே.

செல்சிக்கு எதிராகவே கோல் அடித்தாராமே?

ஆமாம். 2014-ல் நியூயார்க் சிட்டியில் சேர்வதாக அறிவித்து, அந்த அணி களமிறங்குவதற்கு முன் அதே உரிமையாளர்களின் மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடப் போனார். செப்டம்பர் 21 அன்று செல்சிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி 85-வது நிமிடத்தில் 1-1 ஆக்கினார். எங்கிருந்து வந்தார் என்று கேட்காதீர்கள், அதே காலி இடத்துக்கு அதே நேரத்தில். கொண்டாடவில்லை. செல்சி ரசிகர்கள் அவர் பெயரைப் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

நியூயார்க்கில் எப்படி?

தாமதமாக வந்ததிலும் காயத்திலும் ரசிகர்கள் கடுப்பாக இருந்தார்கள். 2016 ஜூலையில் கொலராடோவுக்கு எதிராக அந்தக் கிளப்பின் முதல் ஹாட்ரிக்கை அடித்ததும் சமாதானமானார்கள். லீக்கில் 29 ஆட்டத்தில் 15 கோல், 37, 38 வயதில்.

ஆஸ்டன் வில்லாவுக்கும் அவருக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம் என்கிறார்களே?

விளையாட்டாகச் சொல்வதுதான், ஆனால் பாருங்கள். 1997-ல் அவர் கால் முறிந்தது வில்லா மைதானத்தில். 2010-ல் வில்லாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல். 2013 மே 11 அன்று செல்சிக்காக பாபி டாம்ப்ளிங் அடித்த 202 கோல் சாதனையைத் தாண்டியதும் வில்லாவில்தான். 2019-ல் மேனேஜராக பிரீமியர் லீக்கின் வாசலில் அவரைத் தடுத்து நிறுத்தியதும் வில்லாதான்.

டெர்பியில் என்ன செய்தார்?

2018 மே மாத இறுதியில் டெர்பி கவுன்ட்டி மேனேஜராகச் சேர்ந்தார். இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப் லீக். அதற்கு முன் மேனேஜர் வேலை பார்த்ததே இல்லை. செல்சியிலிருந்து மேசன் மவுண்ட், டோமோரி, லிவர்பூலிலிருந்து ஹேரி வில்சன் ஆகியோரை லோனில் எடுத்துவந்தார். இளைஞர்களை நம்பி ஆடவிட்டார். லீக் கோப்பையில் ஓல்ட் டிராஃபோர்டில் மொரின்யோவின் மான்செஸ்டர் யுனைடெட்டைப் பெனால்ட்டியில் வெளியேற்றினார். குருவுக்கு எதிராகச் சீடன் வைத்த முதல் பரீட்சை.

ஆனால் அந்த ஆண்டின் கதை லீட்ஸோடு. 2019 ஜனவரியில் டெர்பியின் பயிற்சியை உளவு பார்க்க லீட்ஸ் ஆள் அனுப்பியது பிடிபட்டது. லீட்ஸ் மேனேஜர் பியெல்சா ஒளிக்கவே இல்லை, எல்லா அணிகளையும் அப்படித்தான் பார்க்கிறேன் என்றார். லாம்பார்ட் கோபப்பட்டதை லீட்ஸ் ரசிகர்கள் அழுகை என்று பாட்டுக் கட்டிக் கிண்டல் செய்தார்கள். மே மாதம், பிரீமியர் லீக்குக்கு ஏறும் கடைசி இடத்துக்கான ப்ளே-ஆஃப் அரையிறுதி. முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் டெர்பி 1-0 தோல்வி. இரண்டாவது ஆட்டம் லீட்ஸின் எல்லண்ட் ரோடில், 4-2 வெற்றி, மொத்தத்தில் 4-3. அதே பாட்டை டெர்பி வீரர்கள் திருப்பிப் பாடினார்கள்.

எல்லண்ட் ரோடு அந்தக் குடும்பத்துக்குப் புதிது அல்ல. 1980 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி மறு ஆட்டத்தில் எவர்ட்டனுக்கு எதிராக அப்பா லாம்பார்ட் அங்கேதான் தலையால் முட்டிக் கோல் போட்டு, மூலைக்கொடியைச் சுற்றி ஆடினார். 2009 இறுதியாட்டத்தில் அதே எவர்ட்டனுக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்த மகனும் ஓடிப்போய்க் கொடியைச் சுற்றியது அதனால்தான்.

இறுதியில் வில்லாவிடம் 2-1 தோல்வி. பிரீமியர் லீக் கைநழுவியது.

ஒரே ஆண்டு அனுபவத்தில் செல்சி ஏன் அவரை மேனேஜர் ஆக்கியது?

2019 ஜூலையில் செல்சியின் நிலைமை அப்படி. வீரர்களை வாங்க ஃபிஃபா தடை. ஹசார் ரியல் மாட்ரிடுக்குப் போய்விட்டார். கையில் இருந்தது கிளப்பின் சொந்தப் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த பிள்ளைகள். பெரிய பெயருள்ள மேனேஜர் யாரும் ஆசைப்பட்டு வரும் வேலை இல்லை அது. ரசிகர்கள் பொறுமையாக இருக்க வேண்டுமென்றால் அவர்கள் நேசிக்கும் ஒருவர் வேண்டும்.

மவுண்ட், ஆபிரகாம், ரீஸ் ஜேம்ஸ், டோமோரி எல்லாரையும் இறக்கினார். முதல் லீக் ஆட்டத்திலேயே யுனைடெட்டிடம் 4-0 உதை. ஆனாலும் 66 புள்ளியோடு நான்காம் இடம், சாம்பியன்ஸ் லீக் தகுதி, எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். கொடுத்த சரக்குக்கு இது நல்ல விளைச்சல். ஆனால் அதே சீசனில் வாங்கிய லீக் கோல் 54. கோல் அடிக்கத் தெரிந்த மேனேஜர், கோல் வாங்காமல் இருக்கக் கற்றுத்தரவில்லை. இந்தப் பிரச்சினை பிறகும் அவரை விடவில்லை.

பிறகு ஏன் நீக்கினார்கள்?

2020 கோடையில் தடை இல்லை. வெர்னர், ஹவர்ட்ஸ், ஸியெச், சில்வெல், தியாகோ சில்வா, மெண்டி என்று வரிசையாக வாங்கினார்கள். டிசம்பர் தொடக்கத்தில் லீட்ஸை வென்று ஒரு நாள் முதலிடம்கூட. அங்கிருந்து சரிவு. ஜனவரி 24 அன்று எஃப்.ஏ. கோப்பையில் லூட்டனை 3-1 வென்றார்கள், மறுநாள் காலை வேலை போயிற்று. அப்போது லீக்கில் ஒன்பதாம் இடம்.

அடுத்து வந்த தாமஸ் டூக்கல் பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தி, நான்கே மாதத்தில் சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். மவுண்ட் கொடுத்த பந்தில் ஹவர்ட்ஸ் கோல். அணி லாம்பார்டின் காலத்தில் சேர்ந்தது, பூட்டுப் போட்டது டூக்கல். இருவருக்கும் பங்கு உண்டு. லாம்பார்ட் இருந்திருந்தாலும் கோப்பை வந்திருக்கும் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

எவர்ட்டனில்?

2022 ஜனவரி 31 அன்று சேர்ந்தார், பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கிவிடும் பயத்தில் இருந்த அணி. மே 19 அன்று கிறிஸ்டல் பாலஸுக்கு எதிராக இடைவேளையில் 2-0 பின்னடைவு. பிறகு கோல் போட்டவர்கள் கீன், ரிச்சர்லிசன், 85-வது நிமிடத்தில் கால்வர்ட்-லூவின். 3-2. கூடிசன் பார்க் மைதானத்துக்குள் ரசிகர்கள் வெள்ளமாக இறங்கினார்கள். அடுத்த சீசனில் அணி திரும்பவும் அதே குழியில் விழுந்தது. 20 ஆட்டத்தில் 15 புள்ளி. 2023 ஜனவரியில், தன் பழைய வெஸ்ட் ஹாமிடம் தோற்ற இரண்டாம் நாள் நீக்கப்பட்டார்.

அப்படியிருக்க 2023-ல் செல்சிக்குத் திரும்பியது ஏன்?

சீசன் முடியும் வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரரைக் கூப்பிட்டது போலத்தான். கிரஹாம் பாட்டரை நீக்கிய புதிய உரிமையாளர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 11 ஆட்டம், முதல் ஆறும் தோல்வி, மொத்தத்தில் ஒரே வெற்றி, அதுவும் போர்ன்மத்துக்கு எதிராக. செல்சி 12-ஆம் இடம். அவருடைய பெயரைக் காப்பாற்ற நினைத்த யாராவது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கோல் அடிக்கும் நடுக்கள வீரர்கள் நல்ல மேனேஜர் ஆவது அபூர்வமா?

விதி என்று சொல்ல முடியாது. பிரான்ஸின் நடுக்கள வீரர் பிளாட்டினி 1984 ஐரோப்பியக் கோப்பையில் ஐந்தே ஆட்டத்தில் 9 கோல் போட்டவர். பிரான்ஸ் பயிற்சியாளராக 1992 ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெற எல்லா ஆட்டத்தையும் வென்று, அங்கே போய் முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஜெரார்ட் 2020–21-ல் ரேஞ்சர்ஸ் அணியை ஒரு தோல்விகூட இல்லாமல் ஸ்காட்லாந்து சாம்பியன் ஆக்கினார், பிறகு ஆஸ்டன் வில்லாவில் ஓராண்டு தாங்கவில்லை.

சிக்கல் எங்கே என்றால், நின்று காவல் காக்கும் நடுக்கள வீரர் ஆடும்போதே மற்ற பத்துப் பேரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். லாம்பார்ட் மாதிரி ஆள் பார்ப்பது காலி இடத்தை. எப்போது ஓட வேண்டும் என்று அவருக்கு உள்ளே ஏதோ சொல்லும். அதைப் பலகையில் படம் போட்டு இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

களத்தில் ஒருபோதும் முந்தாதவர் வேலையில் முந்திவிட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சீசன் பார்த்துவிட்டு செல்சி நாற்காலி. கூப்பிட்டால் மறுப்பது யாருக்கும் கடினம்தான்.

கோவென்ட்ரியில் என்ன மாறியது?

2023 மேக்குப் பிறகு ஒன்றரை ஆண்டு சும்மா இருந்தார். 2024 நவம்பர் 28 அன்று கோவென்ட்ரி சிட்டி. அங்கே 2017-லிருந்து கிளப்பைக் கீழ்டிவிஷனிலிருந்து தூக்கி நிறுத்திய மார்க் ராபின்ஸை நீக்கியதில் ரசிகர்கள் மனம் புண்பட்டிருந்த நேரம். சாம்பியன்ஷிப்பில் 17-ஆம் இடம். சீசன் முடிவில் ஐந்தாம் இடம்.

ப்ளே-ஆஃப் அரையிறுதியில் சண்டர்லாந்து. சொந்த மைதானத்தில் 2-1 தோல்வி. கோவென்ட்ரியின் ஒரே கோல் நடுக்கள வீரர் ஜாக் ருடோனியுடையது. இரண்டாவது ஆட்டத்தில் முன்னிலை பெற்று மொத்தத்தில் சமன் செய்தார்கள். கூடுதல் நேரமும் முடிந்து, பெனால்ட்டி என்று எல்லாரும் நினைத்த 122-வது நிமிடத்தில் ஒரு கார்னர், டேன் பாலார்டின் தலை. முடிந்தது. இந்த முறை அவரை யாரும் நீக்கவில்லை. 2025 ஆகஸ்டில் அதே அணியோடு, அதே சாம்பியன்ஷிப்பில், கியூ.பி.ஆர். அணியை 7-1 என்று அடித்தார்கள்.

கோவென்ட்ரியோடு அதற்கு முன் ஏதாவது தொடர்பு?

ஒன்று உண்டு. 1996 ஜனவரி 31, 17 வயது லாம்பார்ட் வெஸ்ட் ஹாமுக்காக முதன்முதலாக லீக்கில் மாற்று வீரராக இறங்கினார். எதிரணி கோவென்ட்ரி சிட்டி.